லேப்டாப்பில் 10, லைட்டில் 20: எஸ்டீம் டைமிங்கில் எது பொய்?

எஸ்டீம் தர்மபுரி | 9 மார்ச் 2025, இரவு 9.50

1997 மாருதி எஸ்டீம், கார்புரேட்டர் வண்டி. கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிப்யூட்டரையும் கழற்றிவிட்டு, பெட்ரோலையும் பொறியையும் கணக்குப் போட்டு விடும் கம்ப்யூட்டர் பெட்டி, மெகாஸ்குவர்ட் 2 போட்டிருக்கிறேன். கிராங்கில் 36-1 பல் சக்கரம், இரண்டு சிலிண்டருக்கு ஒன்றாக ஜோடிக் காயில் (1-4, 2-3). லேப்டாப்பில் டியூனர்ஸ்டுடியோ சாஃப்ட்வேரில் டைமிங்கை (பிஸ்டன் உச்சிக்கு எத்தனை டிகிரி முன்பு பொறி விழ வேண்டும் என்பதை) 10 டிகிரியில் பூட்டி வைத்து, பொறியோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டைக் கிராங்க் புல்லியில் அடித்தால் 20 காட்டுகிறது. மூன்று தடவை பார்த்தாயிற்று. எனக்கென்னவோ சாஃப்ட்வேர்தான் பொய் சொல்கிறது என்று தோன்றுகிறது. வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

ஜிப்சி 98 கிருஷ்ணகிரி | 9 மார்ச், இரவு 10.40

சாஃப்ட்வேர் பொய் சொல்லாது தம்பி. நீங்கள் சொன்ன பொய்யைத்தான் திருப்பிச் சொல்லும்.

பெட்டிக்கு கிராங்க் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கத் தெரியாது. பல் சக்கரத்தில் ஒரு பல் இல்லாத இடம் சென்சாரைக் கடந்ததும், அடுத்து வருவது முதல் பல் என்று எண்ணத் தொடங்கும். அந்த முதல் பல் வரும்போது ஒன்றாம் சிலிண்டர் டாப்புக்கு, அதாவது பிஸ்டன் உச்சிக்கு, இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நீங்கள் 70 என்று போட்டிருந்தால், 10 டிகிரியில் பொறி வேண்டும் என்றதும் அது முதல் பல்லில் இருந்து 60 டிகிரி காத்திருந்து பொறி விடும். நிஜத்தில் அந்தப் பல் 80-ல் வந்தால்? 80-ல் 60 போக 20. பொறி 20-ல் விழும். திரையில் மட்டும் ஜம்மென்று 10 நிற்கும்.

அதனால் முதல் பல் கோணத்தில் 10 கூட்டுங்கள். லைட் அதிகம் காட்டினால் கூட்ட வேண்டும், குறைவாகக் காட்டினால் குறைக்க வேண்டும். பிறகு, மாற்றியதைப் பெட்டியில் சேமிக்கும் பர்ன் பட்டனை அழுத்த மறக்காதீர்கள். நான் ஒருமுறை அரை நாள் உட்கார்ந்து சரி செய்துவிட்டு, பர்ன் அழுத்தாமலே சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணினேன். மறுநாள் காலையில் வண்டி பழைய புத்தியோடு எழுந்தது.

ஜிப்சி 98 | 10 மார்ச், காலை 6.15

எழுத விட்டது ஒன்று. லைட் அடிக்கும்போது புல்லி அசையாமல் நிற்கிற மாதிரி தெரியும். பெல்ட்டில் ஓடும் ஃபேனும் சில வேகத்தில் அப்படியே நிற்கும். நிற்கவில்லை. என் லைட்டின் வயர் ஒருநாள் பெல்ட்டில் மாட்டி, கையில் இருந்த லைட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் அடித்தது. விரலாக இருந்திருந்தால் இந்தப் பதிவை ஒற்றைக் கையில் தட்டிக்கொண்டிருப்பேன். துண்டு, லுங்கி முனை, கழுத்துச் சங்கிலி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

எஸ்டீம் தர்மபுரி | 10 மார்ச், இரவு 9.05

அண்ணா, சொன்னபடி 10 கூட்டினேன். இப்போ லைட்டில் 0 காட்டுது. 10 இல்லை, 0. ஸ்டார்ட் ஆகுது, ஆனா பிக்கப் சுத்தமா இல்லை. ரேடியேட்டர் ஃபேன் போட்டது போட்டபடி நிக்கவே மாட்டேங்குது.

ஜிப்சி 98 | 10 மார்ச், இரவு 11.20

பழைய எண்ணுக்கே திரும்பிப் போங்கள். இப்போதே. ஐட்லிங்கில் டாப்பிலேயே பொறி விழுந்தால் பாதி நெருப்பு எக்ஸாஸ்ட் வால்வ் திறந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும். மேனிஃபோல்டு சிவந்துவிடும், ஃபேன் ஓடாமல் என்ன செய்யும்?

0 எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. 20-ல் 10 போனால் 10. மூன்றாம் வகுப்புக் கணக்கு. புல்லியைச் சந்தேகப்படுகிறேன். என் கதையை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜிப்சி 98 | 11 மார்ச், இரவு 10.10

என் வண்டி 1998 ஜிப்சி கிங். உங்கள் எஸ்டீமில் இருக்கும் அதே 1298 சிசி குடும்பம்: போர் 74, ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. முதல் முறை பெட்டி போட்டபோது லைட்டும் லேப்டாப்பும் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப் போயின. இரண்டிலும் 10. ஆனால் வண்டி ஏறுமுகத்தில் டிக்டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது: நாக்கிங், கலவை கட்டுமீறி வெடிக்கும் சத்தம். மேப்பை, அதாவது எந்த வேகத்தில் எந்த மிதியில் எத்தனை டிகிரி என்ற பட்டியலைக் குறைத்தேன், மறுபடி குறைத்தேன். தோப்பூர் கணவாயில் சேலம் பக்கமிருந்து ஏறும்போது லாரிக்காரர்கூட இரக்கப்பட்டு வழிவிடும் அளவுக்குக் குறைத்தேன்.

பாலக்கோட்டில் ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். அம்பாசடர் காலத்து ஆள். டிஸ்ட்ரிப்யூட்டர் போல்ட்டைத் தளர்த்தி, காதை வைத்துக் கேட்டே டைமிங் வைப்பார். அவரிடம் கொண்டு போனேன். பானட்டைத் திறந்தார், டிஸ்ட்ரிப்யூட்டரைத் தேடினார், அந்த இடத்தில் மூடிதான் இருந்தது. லேப்டாப்பைக் காட்டினேன், "பாருங்க பாய், 10தான் இருக்கு." அவர் சொன்னது: "கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரு போட்டிருக்குன்னா மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்துட்டாருன்னு அர்த்தமா?"

லைட்டையும் அடித்துக் காட்டினேன். அதற்கும் அசரவில்லை. "அந்தக் கோடு யாரு போட்டது?" என்றார்.

கோடு புல்லியில் கம்பெனி போட்ட வெட்டுதான். ஆனால் அந்தப் புல்லி ஒரே துண்டு இல்லை. உள் வளையம், நடுவில் ரப்பர், வெளி வளையம். 25 வருட வெயிலில் ரப்பர் விட்டுக்கொடுத்து வெளி வளையம் நழுவியிருந்தது. கோடு வெளி வளையத்தில். அப்படியானால் நான் டாப் என்று நினைத்த இடம் டாப்பே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க பிஸ்டனையே கேட்க வேண்டும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே ஒரு போல்ட்டை வைத்து லேத் பட்டறையில் வெல்டிங் வைத்து வாங்கினேன். முனையை உருண்டையாக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிஸ்டன் தலையில் பொட்டு வைத்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றி, நான்கு பிளக்கையும் எடுத்து, ஒன்றாம் சிலிண்டரில் இதைப் போட்டு, கிராங்கைக் கையால் மெதுவாகத் திருப்பினேன். பிஸ்டன் வந்து முட்டி நிற்கும் இடத்தில் ஒரு கோடு. எதிர்ப்பக்கமாகத் திருப்பி, முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதிதான் நிஜமான டாப். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. தொட்டால் பிஸ்டனில் ஓட்டை.

என் பழைய கோடு நிஜ டாப்பில் இருந்து 8 டிகிரி தள்ளி இருந்தது. 10 என்று நான் நம்பியது 18. எத்தனை மாதம்? தீபாவளியில் இருந்து மாம்பழ சீசன் வரை.

அதனால் தம்பி, முதலில் புல்லி.

ஜிப்சி 98 | 12 மார்ச், மதியம் 1.30

ஓசூரில் இருந்து ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், பென்சில் விட்டு டாப் பார்த்தால் போதாதா என்று. ஸ்க்ரூ டிரைவரோ பென்சிலோ விட்டுப் பார்த்தால் பிஸ்டன் உச்சியில் சில டிகிரிக்கு அசையாத மாதிரியே இருக்கும். அந்தச் சில டிகிரியில்தான் நம் சண்டையே. மேலும் பென்சில் உடைந்து உள்ளே விழுந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். யாருக்கு விழுந்தது என்று கேட்காதீர்கள்.

ஜிப்சி 98 | 13 மார்ச், காலை 7.00

வாபஸ். முந்தாநாள் எழுதிய புல்லி கதை உண்மை, ஆனால் அது உங்கள் வியாதி இல்லை.

ராயக்கோட்டை ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் ஒரு டீயை இரண்டாகப் பிரித்துத் தரச் சொன்னார். அப்போதுதான் பொறி தட்டியது. பிளக்கில் இல்லை, தலையில்.

புல்லி நழுவியிருந்தால் எங்கு பார்த்தாலும் ஒரே அளவுதான் தள்ளிக் காட்டும். 10 கூட்டினால் லைட்டும் 10தான் நகரும். உங்களுக்கு 20-ல் இருந்து 0-க்கு வந்தது. நாம் நகர்த்தியது 10, லைட்டில் நகர்ந்தது 20. ஏதோ ஒன்று எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குகிறது.

உங்கள் லைட்டின் முதுகில் டயலோ டிகிரி காட்டும் சின்ன டிஸ்ப்ளேயோ இருக்கிறதா?

இருந்தால் குற்றவாளி அதுதான். சாதாரண லைட் ஒன்றாம் பிளக் வயரில் துடிப்பு வந்த கணமே மின்னும். டயல் லைட் அப்படி மின்னாது. நாம் டயலில் 20 வைத்தால், கிராங்க் 20 டிகிரி சுற்றும் நேரம் காத்திருந்து மின்னும். அந்த நேரத்தைக் கணக்குப் போட வண்டியின் வேகம் தெரிய வேண்டும். வேகத்தை அது துடிப்புகளை எண்ணித்தான் எடுக்கிறது. டிஸ்ட்ரிப்யூட்டர் வண்டியில் ஒன்றாம் பிளக்குக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. லைட் அந்தக் கணக்கை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. உங்களுடையது ஜோடிக் காயில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. ஒன்று வேலைக்கு, ஒன்று எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் சும்மா. ஐட்லிங் 900 என்றால் லைட் 1800 என்று நினைத்துக்கொள்கிறது. 20 டிகிரி காத்திருக்கச் சொன்னால் பாதி நேரம்தான் காத்திருக்கிறது, நிஜத்தில் 10 டிகிரி. கோடு நேராக வர நீங்கள் டயலை 20 வரை திருப்ப வேண்டியிருக்கிறது.

நீங்கள் முதலில் வைத்திருந்ததே சரி தம்பி. நான் சொன்ன 10-ஐக் கூட்டி நிஜ டைமிங்கை 0 ஆக்கி, ஃபேனை ஓட வைத்தது நான்தான்.

சில லைட்டில் 2 ஸ்ட்ரோக், 4 ஸ்ட்ரோக் என்று சுவிட்ச் இருக்கும். ஜோடிக் காயிலுக்கு 2 ஸ்ட்ரோக்கில் வைத்தால் கணக்கு நேராகும். சுவிட்ச் இல்லையா, டயலை 0-ல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். அப்போது அது வெறும் லைட். டிகிரியைப் புல்லியில் படிக்க வேண்டும்.

ஜிப்சி 98 | 13 மார்ச், மாலை 5.45

புல்லியில் டிகிரி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். தையல் டேப்பால் புல்லியின் சுற்றளவை அளந்து பாருங்கள். என்னுடையது 41 செ.மீ., அதாவது 410 மி.மீ. 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 1.14 மி.மீ. 10 டிகிரிக்கு 11.4, 20-க்கு 22.8, 30-க்கு 34.2. வெள்ளைக் காகிதத்தில் கோடு போட்டு, மேலே செல்லோ டேப் ஒட்டி, 0-ஐ நிஜ டாப்பில் வைத்துச் சுற்றி ஒட்டிவிடுங்கள். எந்தப் பக்கம் ஒட்டுவது என்று குழம்பினால் இப்படி யோசியுங்கள்: எஞ்சின் சுற்றும்போது அடையாள முள்ளை 10 முதலில் கடக்க வேண்டும், 0 பிறகு கடக்க வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கில் காகிதம் ஒட்டாது. என் மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவர் நன்றாகத் துடைக்கும். கேட்டுவிட்டு எடுங்கள்.

எஸ்டீம் தர்மபுரி | 16 மார்ச், மதியம் 12.20

ஆமாண்ணா, டயல் லைட்தான். 0-ல வெச்சு, டேப் ஒட்டிப் பார்த்தேன். கச்சிதமா 10. பிளக்கை எடுத்துட்டு டாப்பும் பார்த்தேன், புல்லி நழுவலை. ஒரு வாரமா நல்ல வண்டியை ரிப்பேர் பண்ணிட்டு இருந்திருக்கேன்.

இன்னொண்ணு. 1000 சுற்றில் 10 காட்டுது. 4000-க்கு ஏத்தினா 8 ஆகுது. பூட்டின டைமிங் ஏன் நகரணும்?

ஜிப்சி 98 | 16 மார்ச், இரவு 9.30

அவ்வையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊர்க்காரர், எனக்கு ஒரு டீயாவது வாங்கித் தர வேண்டும்.

நகர்வது தாமதத்தால். பெட்டி "இப்போது" என்று சொன்ன பிறகு காயிலை இயக்கும் டிரைவர் சர்க்யூட் விழித்துப் பொறி விட சில மைக்ரோ வினாடி ஆகும். அந்த நேரம் எப்போதும் ஒன்றுதான், ஆனால் கிராங்க் வேகம் ஒன்றில்லை. 1000 சுற்றில் ஒரு மில்லி வினாடிக்குக் கிராங்க் 6 டிகிரி ஓடும். 4000-ல் 24 டிகிரி. வித்தியாசம் 18. உங்களுக்கு 2 டிகிரி பின்வாங்குகிறது. 2-ஐ 18-ஆல் வகுத்தால் 0.11 மில்லி வினாடி, 110 மைக்ரோ வினாடி. அமைப்பில் ஸ்பார்க் ஹார்ட்வேர் லேட்டன்சி என்று ஒரு கட்டம் இருக்கும், அங்கே 110 போடுங்கள். மறுபடி லைட் அடித்து, 1000-லும் 4000-லும் ஒரே கோடு நிற்கிறதா பாருங்கள்.

நகர்வது சீராக இல்லாமல் கோடு கண்டபடி ஆடினால் அது வேறு வியாதி. காந்த சென்சார் என்றால் அதன் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஜிப்சி 98 | 18 மார்ச், இரவு 10.50

110-ஐப் போட்டுவிட்டீர்களா? போட்டிருந்தால் எடுங்கள். அவசரப்பட்டுவிட்டேன்.

இன்று பாயிடம் அவருடைய பழைய லைட்டை இரவல் வாங்கிவந்தேன். கல் மாதிரி கனம், உலோக உடம்பு. என் ஜிப்சியில் என்னுடைய ஆன்லைன் லைட்டை அடித்தால் 4000-ல் 2 டிகிரி பின்வாங்குகிறது, உங்களுக்கு வந்த அதே 2. பாயின் லைட்டில் அரை டிகிரிதான். அப்படியானால் பெட்டியின் தாமதம் 30 மைக்ரோ வினாடி சுமாருக்குத்தான், மீதி 80 என் மலிவு லைட்டே மின்னத் தாமதிப்பது. அந்த 80-ஐயும் சேர்த்துப் பெட்டியில் போட்டால் 6000 சுற்றில் நிஜ டைமிங் நாம் நினைத்ததைவிட 2.9 டிகிரி முன்னே போய்விடும். மேல் சுற்றில் நாக்கிங் காதில் விழாது. பிஸ்டன் உடைந்த பிறகுதான் விழும்.

டயல் லைட்டை நம்பாதே என்று நானே எழுதிவிட்டு, மூன்றே நாளில் டயலை 0-ல் வைத்த லைட்டை அப்படியே நம்பிவிட்டேன்.

பாய் லைட்டை மூன்று நாளில் திருப்பித் தரச் சொன்னார்.

ஜிப்சி 98 | 2 ஏப்ரல், காலை 6.40

ஊத்தங்கரையில் ஒருவர் காயில் இரண்டு எரித்துவிட்டாராம், ஏன் என்று கேட்டிருக்கிறார். பொறி சிக்னல் மேலே போகும்போதா, கீழே வரும்போதா என்ற அமைப்பைத் தலைகீழாகப் போட்டிருப்பீர்கள். காயிலுக்குக் கரண்ட் 3 மில்லி வினாடி போல ஏற வேண்டும், அவ்வளவுதான். தலைகீழாக வைத்தால் 3 மில்லி வினாடி ஓய்வு, மீதி நேரமெல்லாம் கரண்ட். தொட்டுப் பாருங்கள், தோசைக்கல் மாதிரி இருக்கும். எனக்கும் ஒன்று போனது. சாவியைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட் பண்ணாமல் போன் பேசப் போனேன். பேசி முடித்து வந்தபோது காயில் உருகிப் பொங்கியிருந்தது. முதல் முறை சாவி போடும்போது காயில் கனெக்டரைக் கழற்றி வைத்து, டெஸ்ட் லாம்ப்பில் பார்ப்பது நல்லது.

ஜிப்சி 98 | 20 ஏப்ரல், மதியம் 3.15

வெயில். ஷெட்டுக்குள் லேப்டாப்பே சூடு என்று படுத்துவிட்டது. உட்கார்ந்து எழுதுகிறேன்.

எஸ்டீம் தம்பி மேப் எப்படி வரைவது என்று கேட்டிருந்தார். என் எண்களைத் தருகிறேன், அப்படியே காப்பி அடிக்காதீர்கள். ஐட்லிங்கில் 12. லேசான மிதியில், 2500 சுற்று, மேனிஃபோல்டு அழுத்தம் 45 கிலோ பாஸ்கல்: 32. அதே 2500-ல் முழு மிதி: 22. 4000-ல் முழு மிதி: 26.

லேசான மிதிக்கு ஏன் இவ்வளவு முன்னே? சிலிண்டருக்குள் கலவை குறைவு, எரிந்த புகையின் மிச்சம் அதிகம், நெருப்பு மெதுவாகப் பரவும். சீக்கிரமே பற்றவைத்தால்தான் டாப் தாண்டி 15 டிகிரி பக்கத்தில் உச்ச அழுத்தம் வந்து பிஸ்டனைத் தள்ளும். பழைய டிஸ்ட்ரிப்யூட்டரில் பக்கவாட்டில் ஒரு வேக்கம் டப்பா இருந்ததே, அது செய்த வேலை இதுதான். உள்ளே ஸ்பிரிங்கோடு இருந்த இரண்டு குண்டுகள் வேகத்துக்கு ஏற்ப முன்னே தள்ளின. இரண்டு ஸ்பிரிங்கும் ஒரு டயாஃப்ரமும் செய்ததை இப்போது 12-க்கு 12 கட்டம் போட்டு நாம் ராத்திரி முழுக்கத் திருத்துகிறோம். முன்னேற்றம்.

முழு மிதியில் எவ்வளவு போவது என்பதுதான் சிக்கல். முன்னே தள்ளத் தள்ள இழுவை கூடும், ஒரு கட்டத்தில் கூடுவது நின்றுவிடும். அங்கேயே நிறுத்த வேண்டும். நான் மூன்றாம் கியரில் 40-ல் இருந்து 80 வரை போகும் நேரத்தை, பெட்டி பதிந்து வைத்த லாக்கில் பார்த்தேன். 24-ல் இருந்து 26 ஆக்கியபோது அரை வினாடி குறைந்தது. 28-ல் ஒன்றும் குறையவில்லை. 26-க்கே திரும்பினேன். 28-ல் டிக்டிக் கேட்கவில்லை என்பதற்காக 28 வைப்பவர்கள் உண்டு. எதற்கு?

கேட்கவில்லை என்பதும் காதைப் பொறுத்தது. ஜிப்சியில் கியர்பாக்ஸ், டயர், ஹூட் எல்லாம் கத்தும். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் ஒரு துண்டு செம்புக் குழாய் வாங்கி, ஒரு முனையைத் தட்டித் தட்டையாக்கி, ஓட்டை போட்டு, எஞ்சின் பிளாக்கில் காலியாக இருந்த ஒரு போல்ட்டில் மாட்டினேன். மறுமுனையில் ரப்பர் குழாய், அதன் நுனியில் ஸ்டெதஸ்கோப். தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கும் சத்தம், ஒரு கல் விழுந்தாலும் தெரிகிறது. மச்சான் ஓட்டினார், நான் பக்கத்தில் காதில் ஸ்டெதஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தேன். காவேரிப்பட்டணம் பக்கம் போலீஸ் நிறுத்தி, "டாக்டரா?" என்றார். வண்டிக்கு என்றேன். போகச் சொல்லிவிட்டார்.

ஓட்டுகிறவரே லேப்டாப்பையும் பார்ப்பது வேண்டாம். தோப்பூரில் நிச்சயம் வேண்டாம்.

ஜிப்சி 98 | 20 ஏப்ரல், இரவு 8.00

மேலே உள்ளதில் ஒரு திருத்தம். முழு மிதி என்று எழுதும்போது மேப்பில் 100 கிலோ பாஸ்கல் வரிசையைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். நம் ஊரில் வண்டி அந்த வரிசைக்குப் போகவே போகாது. கிருஷ்ணகிரி கடல் மட்டத்துக்கு 500 மீட்டர் போல மேலே. சாவியை மட்டும் போட்டு எஞ்சின் ஓடாமல் பார்த்தால் 95 பக்கத்தில் காட்டும். ஓசூர் 900 மீட்டர் போல, அங்கே 91. நான் ஒரு மாதம் 100 வரிசையை அழகுபடுத்திக்கொண்டிருந்தேன், வண்டி ஓடியது 90-க்கும் 100-க்கும் நடுவில் இருந்த சரியில்லாத எண்களில். அதே மேப்போடு சென்னைக்கு இறங்கினால் 100 வரிசை உயிர் பெறும். அதில் நீங்கள் பார்க்காமல் விட்ட எண் இருந்தால் திண்டிவனத்தில் தெரியும்.

ஜிப்சி 98 | 11 மே, காலை 10.30

மே வெயிலில் சிக்னலில் பத்து நிமிடம் நின்ற பிறகு உள்ளே போகும் காற்று 60 டிகிரி காட்டியது. கிளம்பும்போது நான்கைந்து கல் குலுங்கியது. காற்றுச் சூட்டுக்கு டைமிங் குறைக்கும் பட்டியலில் 50-க்கு மேல் 2, 60-க்கு மேல் 4 குறைத்தேன். போனது. ஏர் ஃபில்டரை ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்ததுதான் மூல காரணம், அதை நகர்த்தச் சோம்பல்.

ஜிப்சி 98 | 8 ஜூன், இரவு 9.15

பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வந்த பிறகு டைமிங்கைக் கூட்டலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், அது சரி. நான் 2 டிகிரி கூட்டிப் பார்த்தேன், கல் குலுங்கவில்லை, நேரமும் குறையவில்லை. திரும்ப வைத்துவிட்டேன். டைமிங்கைவிட முதலில் பார்க்க வேண்டியது கலவை. சுத்த பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது இதற்கு 13.5 பக்கம் வந்துவிடும். மீட்டரை லாம்ப்டாவில் (தேவையான காற்றுக்கு எத்தனை மடங்கு காற்று என்ற எண்ணில்) படித்தால் இந்தத் தலைவலி இல்லை, 1 என்றால் 1. 1998 ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பழையதைக் கையில் எடுத்தால் அல்வா.

எஸ்டீம் தர்மபுரி | 22 ஜூன், மாலை 6.40

அண்ணா, மாங்கனி வாங்க கிருஷ்ணகிரி வந்தப்போ உங்க சொல்படி பாலக்கோடு வழியா திரும்பினேன். பாயிடம் வண்டியைக் காட்டினேன். லேப்டாப் பார்க்கலை, லைட்டும் கேட்கலை. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, "ரெண்டாவது கியர்ல ஏத்தத்துல ஒரு இடத்துல தூங்குது"ன்னு சொன்னார். வீட்டுக்கு வந்து லாக் பார்த்தேன். 1800 சுற்று, 85 கிலோ பாஸ்கல், ஒரே ஒரு கட்டத்தில் 24 போட வேண்டிய இடத்தில் 14 போட்டிருக்கேன்.

ஜிப்சி 98 | 22 ஜூன், இரவு 7.05

அவரிடம் லைட்டைப் பற்றி ஏதும் பேசவில்லையே? இன்னும் என் ஷெட்டில்தான் இருக்கிறது.

ஜிப்சி 98 | 29 ஜூன், காலை 8.20

சூளகிரியில் இருந்து 10 கூட்டியவருக்கு: லைட்டில் 0 காட்டுகிறது, ஃபேன் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே மார்ச் 9-ல் நான் எழுதியதை மட்டும் படித்துவிட்டுச் செய்திருக்கிறீர்கள். பழைய எண்ணுக்குத் திரும்புங்கள், வண்டியை ஆஃப் பண்ணுங்கள், மார்ச் 13 வரை இறங்கி வாருங்கள். மார்ச் 11-ல் நின்று புல்லியைக் கழற்றிவிடாதீர்கள்.